அபுதாஹிர் தன்மேல் எழுதிய புகார்

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் மானைப் பார்க்க யாரும் காட்டுக்குப் போகத் தேவையில்லை. காலையில் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தால் டிரைவ்வேயில் நிற்கும். அபுதாஹிர் வீட்டுக் கொல்லையில் அமீருன்னிசா ஆசை ஆசையாக வளர்த்த அவரைக் கொடியை நாலு மான்கள் ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிட்டு, வேலியோரம் சாவகாசமாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. வீட்டுக்காரரோ சனிக்கிழமை தவறாமல் ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய், அரசாங்க வேட்டை நிலத்தில் மான் புழுக்கையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அத்தா, தே ஆர் லிட்டரலி இன் அவர் யார்ட்," என்பாள் பதினாறு வயது மகள் ஆஃபீஃபா, சீரியல் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

வீட்டுப் பக்கத்தில் அம்பு விடச் சட்டம் இடம் தராது என்று அவர் பதில் சொல்வார். எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

உத்தமபாளையத்துக்காரர். நாற்பத்தாறு வயது. ஒரு மருந்துக் கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் பதினான்கு வருடமாக வேலை. அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எழுதி வைத்த முறையிலிருந்து எது பிசகினாலும், மாத்திரை எண்ணிக்கையோ, அறையின் சூடோ, எதுவாக இருந்தாலும், பிசகியவரே அதை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு டீவியேஷன் ரிப்போர்ட் என்று பேர். பிசகு நடந்தால் மன்னிப்பு உண்டு, மறைத்தால் கிடையாது. இது கம்பெனிச் சட்டம் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அபுதாஹிர் அதைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டுவிட்டார். வீட்டில் டம்ளரை உடைத்தாலும் எப்போது, எப்படி, ஏன் என்று அவர் வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் அமீருன்னிசா கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி முடித்திருப்பாள்.

வேட்டை ஆசையும் இந்தக் குணத்திலிருந்து வந்ததுதான். கடையில் வாங்கும் கறியை யார் அறுத்தார்கள், இறைவன் பேரைச் சொல்லி பிஸ்மி ஓதினார்களா என்பதற்கு, மேலே ஒட்டிய காகிதத்தை நம்பித்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறையாவது தானே பிஸ்மி சொல்லி அம்பை விட்டு, ஓடிப்போய் உயிர் இருக்கும்போதே தன் கையால் அறுத்து, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் மூன்று பக்கக் கேள்விகளோடு போய் நின்றார். வில் வேட்டைக்கான வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். லைசென்ஸ் வாங்கினார். அக்டோபரில் சீசன் தொடங்கும் முன் மான் எங்கே நடக்கிறது, எங்கே தின்கிறது, எங்கே படுக்கிறது என்று கண்டுபிடித்து வைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் சனிக்கிழமை அலைச்சல். வில் வீட்டு அலமாரியிலேயே இருந்தது.

அமீருன்னிசா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வேட்டைக்காரர்கள் போடும் இலை போட்ட பச்சைச் சட்டை கூடாது.

"உங்க பேரும் தாடியும் போதாதா? அந்த மிலிட்டரி டிரெஸ் வேற போட்டுக்கிட்டு புதருக்குள்ள நிக்கணுமா? எவனாச்சும் பாத்து போலீஸுக்கு போன் பண்ணா என்ன பண்ணுவீங்க?"

ஆகவே அவர் பள்ளிக்கூட வேன் நிறத்தில் ஒரு தொப்பி போட்டுக்கொண்டு போனார்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அக்டோபர் இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை அபுதாஹிருக்குச் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. ஊரில் அவருடைய தகப்பனார் தனியாக இருந்தார். எண்பது வயது, ஜூலையில் குளியலறையில் விழுந்து இடுப்பில் அடி. விசிட்டர் விசா இரண்டு முறை கேட்டு இரண்டு முறையும் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர் பெற்றவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள முடியாது, சிட்டிசன்தான் முடியும். அபுதாஹிர் ஒரே மகன். அந்தச் செவ்வாய்க்கிழமை சரியாகப் போனால் பெரியவர் வரலாம். தவறினால் அவருக்குக் காத்திருக்க எத்தனை வருடம் இருக்கிறது என்று யார் சொல்வது? இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததனாலேயே அது எல்லார் நெஞ்சிலும் உட்கார்ந்திருந்தது.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை காலை அவர் அந்த நிலத்தில் இருந்தார். உண்ணி ஏறாமலிருக்க பேண்டைக் காலுறைக்குள் செருகியிருந்தார். முதலில் கண்ணில் பட்டது கடித்த தழை. முயல் கடித்தால் கத்தி வைத்தது போல் சாய்வாக இருக்கும். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, பிய்த்துத்தான் தின்னும், அதனால் நுனி நார்நாராகத் தொங்கும். இது நார்நாராக இருந்தது. நாலடி தள்ளி ஓக் மரத்தடியில் புழுக்கை. காய்ந்து வெளுத்திருந்தால் பழசு. இது புளியங்கொட்டை மாதிரி மினுமினுத்தது. பேனாவை அளவுக்குப் பக்கத்தில் வைத்து, நேரமும் இடமும் பதிவாகும்படி போட்டோ எடுத்தார். ஆபீஸ் பழக்கம்.

பிறகு அந்த மரம். இளம் மரம்தான், மணிக்கட்டு கனம். முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு வரை பட்டை உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. ஆண்மான் கொம்பை உரசிய இடம். விரலை வைத்தார், பிசுபிசுவென்று ஈரம். உரித்த துருவல் அடியில் இன்னும் வாடவில்லை. மரத்தின் எந்தப் பக்கம் உரிந்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து மான் வந்திருக்கிறது என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. அதன்படி மான் போன திசையில் நிமிர்ந்து பார்த்தார். முப்பது தப்படியில் இன்னொரு மரம், அதிலும் வெள்ளை.

அவ்வளவுதான். மனிதர் தன்னை மறந்துவிட்டார். இரண்டாவதிலிருந்து மூன்றாவது, மூன்றாவதிலிருந்து நாலாவது. போனில் இருந்த எல்லை வரைபடத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்க்கிறவர், ஒரு மணி நேரமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பயனில்லை, சிக்னல் போய் அரை மணி ஆகியிருந்தது. ஆறாவது மரத்தருகே புல் நீள்வட்டமாக நசுங்கிக் கிடந்தது. மான் படுத்த இடம். மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தார். தரை சில்லென்றுதான் இருந்தது, ஆனாலும் அவருக்கு என்னவோ அது இப்போதுதான் எழுந்து போனது போலிருந்தது.

"கேன் யூ ரீட்?"

திரும்பினார். வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் நாலு சக்கர வண்டி ஒன்றை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் காட்டினார். அபுதாஹிர் வந்த வழியில், இரண்டு மரங்களில், மஞ்சள் பலகை. தனியார் நிலம், அத்துமீறி நுழையக் கூடாது. அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறார். கண் முழுக்கத் தரையிலேயே இருந்ததால் தலைக்கு மேல் இருந்தது தெரியவில்லை.

ஸாரி ஸார் என்றார். எத்தனை தடவை என்று அவருக்கே தெரியாது. தாடிக்காரர் பதில் சொல்லாமல் போனைத் தூக்கி அவரைப் போட்டோ எடுத்தார். இன்னொரு முறை பார்த்தால் போலீஸ்தான் என்றார். அபுதாஹிர் வந்த தடத்திலேயே வேகமாக நடந்து காருக்குத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் அமீருன்னிசா உண்ணி இருக்கிறதா என்று பிடரியைப் பார்த்தாள். மனிதர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் கேட்கவும் இல்லை, அவரே எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அபராத டிக்கெட் எழுதுனாங்களா?"

"இல்ல."

"போலீஸ் வந்துச்சா?"

"இல்ல அமீரு. ஆனா அந்த சிட்டிசன்ஷிப் ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு. 'நீ பிடிபடாம ஏதாவது குத்தம் பண்ணிருக்கியா'ன்னு. நான் நோ போட்டிருக்கேன். இன்டர்வியூ அன்னைக்கு சத்தியம் வாங்கிட்டு அதையே திரும்பக் கேப்பாங்க. நோ சொன்னா பொய். எஸ் சொன்னா..."



இருவரும் சேர்ந்து போனது ராமசுப்ரமணியன் வீட்டுக்கு. தெருவில் எல்லாருக்கும் இமிகிரேஷன் ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கும் மனிதர், வக்கீலுக்குப் படிக்காத வக்கீல். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் காபியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

"சார், மான் பின்னாடி போனதெல்லாம் ஒரு க்ரைமா? பேசாம விடுங்க. யாருக்கும் ஈமெயில் கீமெயில் போட்டுடாதீங்க. உங்களைத் தெரியும், அதான் சொல்றேன்."

நல்ல யோசனை. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் அதைக் கேட்டிருப்பார்கள். அமீருன்னிசாவும் வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அபுதாஹிர் தலையாட்டினார். அந்த இருபத்துநாலு மணி நேரக் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு, அவள் சமையலறையில் இருந்தபோது, அவர் மாநில வனவிலங்கு அதிகாரி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். நாலு பக்கம். நிகழ்ச்சி, தேதி, நேரம், சம்பந்தப்பட்ட நபர்: நான். மூல காரணம்: கவனம் தரையில் இருந்தது. இனி நேராமல் தடுக்க எடுத்த நடவடிக்கை: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பேன். கீழே ஆதாரமாக இருபத்தொரு போட்டோ. ஒவ்வொரு உரிந்த மரமும், ஒவ்வொரு புழுக்கையும், படுத்த இடமும், இடக்குறிப்போடு. திருட வந்தவன் தன் காலடித் தடத்தையெல்லாம் தானே வட்டம் போட்டுக் காட்டியது மாதிரி.

அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சொன்னார். அமீருன்னிசா கரண்டியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நின்றார். அவள் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "மாமாவுக்கு என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவள் நன்றாகத் திட்டியிருக்கலாம்.

அடுத்த ஒன்பது நாள் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் கார் வாரன்டி விற்கிறவன்கூட அபுதாஹிரின் "ஹலோ"வைக் கேட்டுப் பயந்திருப்பான். ஊரிலிருந்து தகப்பனார் பேசும்போது, தேதி எப்போ என்று கேட்பார். சொல்வார். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டதாகப் பெரியவர் சந்தோஷமாகச் சொன்னபோது, போனை மகளிடம் கொடுத்துவிட்டு அபுதாஹிர் எழுந்து போய்விட்டார். தான் ஒரு முட்டாள் என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. பிறகு, இல்லை, மறைத்திருந்தால் இன்டர்வியூ அதிகாரி முன்னால் நாக்கு புரண்டிருக்காது என்றும் தோன்றியது. இரண்டும் மாறி மாறித் தோன்றிக்கொண்டே இருந்தன.

பத்தாம் நாள், இன்டர்வியூ செவ்வாய்க்கு முந்தைய புதன்கிழமை, வனவிலங்கு அதிகாரியே கூப்பிட்டார். ஒரு பெண். சனிக்கிழமை பத்து மணிக்கு அதே பார்க்கிங் இடத்துக்கு வர முடியுமா, நீங்கள் நடந்த பாதையைக் காட்ட வேண்டும் என்றார். காரணம் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் அபுதாஹிருக்கு இல்லை.

"ஸ்பாட்ல வச்சு டிக்கெட் குடுக்கப் போறாங்க," என்றார்.

"நானும் வரேன்," என்றாள் அமீருன்னிசா. "எது குடுத்தாலும் ரெண்டு பேரும் சேந்தே வாங்கிப்போம்."

சனிக்கிழமை அதிகாரி பச்சைச் சீருடையில், இடுப்பில் துப்பாக்கியும் கையில் ஒரு ஜிபிஎஸ் கருவியுமாக நின்றார். முப்பது வயதுகூட இருக்காது. வணக்கம் சொன்னதோடு சரி, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அபுதாஹிருக்கு வழி ஞாபகமில்லை. பாதை என்று ஒன்று இருந்தால்தானே ஞாபகம் இருக்கும்? ஆகவே அன்று போலவே மறுபடி குனிந்தார். பிய்த்த தழை, ஓக் மரத்தடி, முதல் உரிந்த மரம். பட்டை இப்போது பழுப்பேறிவிட்டிருந்தது. இரண்டாவது, மூன்றாவது. பின்னால் அதிகாரியின் பூட்ஸ் சத்தமும், அதற்கும் பின்னால் முள்ளில் துப்பட்டா மாட்டி மாட்டி விடுபடும் சத்தமும் வந்துகொண்டிருந்தன. குற்றம் நடந்த இடத்துக்குத் தானே கூட்டிப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

மஞ்சள் பலகை வந்தது. அவர் நின்று, கை நீட்டிக் காட்டினார். தாண்டிக் காலை வைக்கவில்லை.

அதிகாரி தாண்டிப் போனார். ஆறாவது மரம் வரை போய், கருவியைப் பார்த்து, கிளிப்போர்டில் எதையோ குறித்துக்கொண்டு, இன்னும் தள்ளி மரங்களுக்குள் மறைந்தார். இருவரும் பலகைக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். அமீருன்னிசா ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த அதிகாரி பையிலிருந்து ஒரு சின்னக் கடப்பாரையை எடுத்து, பலகைக்குப் பின்னால் கொடுத்து நெம்பினார். ஆணி கிறீச்சிட்டுக் கழன்றது. அடுத்த மரத்திலும் அதே.

உண்மையான எல்லை இன்னும் இருநூறு அடி தள்ளிப் பழைய கல்வேலியில் இருக்கிறது என்றார். நீங்கள் போட்டோ எடுத்த எல்லா இடமும் அரசு நிலம்தான். பக்கத்து நிலக்காரர் பலகையை முன்னால் நகர்த்தி அடித்து, நல்ல மான் வரும் இடத்தைத் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு வருடமாக அரசல் புரசலாகத் தெரியும். வந்தவர்கள் எல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள், ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. இடமும் நேரமும் போட்டு எழுதியது நீங்கள் ஒருவர்தான்.

அபுதாஹிருக்கு முதலில் காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. அமீருன்னிசாதான் கேட்டாள். "ஸோ, ஹி டிட் நத்திங் ராங்?"

"நத்திங்," என்றார் அதிகாரி.

அமீருன்னிசா அழுதுவிட்டாள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, காட்டுக்கு நடுவில், கிளிப்போர்டு வைத்த ஒரு அதிகாரி முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதிகாரி கிளிப்போர்டிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். அந்த ஆள்மேல் வழக்குப் போட வேண்டுமானால் நேரில் விரட்டப்பட்ட ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஊர்க் கோர்ட்டுக்கு ஒரு நாள் வர வேண்டியிருக்கும். அந்த ஆளுக்கும் உங்கள் பெயர் தெரியவரும். கட்டாயமில்லை என்றார். ஆனால் கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்த வாரமே பலகை திரும்ப ஏறிவிடும்.

அபுதாஹிர் நாளை எண்ணிப் பார்த்தார். மூன்று நாளில் இன்டர்வியூ. இப்போதுதான் கழுத்திலிருந்து கயிறு கழன்றது. அந்தத் தாடிக்காரரிடம் தன் போட்டோ இருக்கிறது. கோர்ட், கேஸ், பெயர், எல்லாம் எதற்கு? புதன்கிழமை வந்து போடட்டுமா என்று கேட்க வாய் திறந்தார். அது ஒன்றும் கெட்ட யோசனை இல்லை. அதிகாரியும் சரியென்றுதான் சொல்லியிருப்பார்.

"என்ன யோசிக்கிறீங்க?" என்றாள் அமீருன்னிசா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"செவ்வாக்கிழமை..."

"பண்ணாத தப்புக்கு நாலு பக்கம் எழுதினீங்க. அந்தாளு பண்ண தப்புக்கு ஒரு கையெழுத்து போட இவ்வளவு யோசனையா?"

அவர் அவளைப் பார்த்தார். பச்சைச் சட்டை வேண்டாம், போலீஸ் வந்துவிடும் என்று பயந்தவள் இவள்தானா என்று இருந்தது. அதிகாரியிடம் பேனா கேட்டு வாங்கினார். மரத்தில் காகிதத்தை வைத்து, மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார். விலாசம் எழுதினார், போன் நம்பர் எழுதினார். தப்பாக எழுதிய கடைசி எண்ணை அடித்துவிட்டு மறுபடி எழுதி, அடித்தலுக்குப் பக்கத்தில் சிறிதாகப் பெயரின் முதலெழுத்தும் தேதியும் போட்டார்.

விசா, எக்ஸ்டென்ஷன், கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் என்று இந்த நாட்டில் அவர் இதுவரை போட்ட கையெழுத்தெல்லாம் யாரிடமாவது எதையாவது கேட்டுப் போட்டவை. இது ஒன்றுதான், அவரிடம் கேட்டு அவர் கொடுத்தது. முழுப் பெயரையும் எழுதினார்.